அந்த மேசையைச் சுற்றி யார்?

(வங்கி ஊழியர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'இயக்குநர் குழு'ன்னு தலைப்புக் கொடுத்திருக்கீங்க. கவிதை எழுதுறவனுக்கு இது எதுக்குன்னு ஒருத்தர் கேட்டார். நான் கவுண்டரில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். என் கையெழுத்துக்கு மேலே எத்தனை கையெழுத்து இருக்குன்னு தெரிஞ்சவன்.

செருப்புத் தைக்கிற ஒருத்தர் கிளைக்கு வந்து கடன் கேட்டால் ஜாமீன் எங்கே, பத்திரம் எங்கே என்று பத்துக் கேள்வி. பல கோடி கேட்கிறவனின் காகிதம் தலைமை அலுவலகத்துக்குப் போய், இயக்குநர் குழுவின் மேலாண்மைக் கமிட்டி வரை ஏறுகிறது. வங்கியின் கடன் கொள்கையை வகுப்பதும் அந்தக் குழுதான். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1970ஆம் ஆண்டுச் சட்டம், ஊழியர், சேமிப்பாளர், விவசாயி, தொழிலாளி, கைவினைஞர் ஆகியோரின் பிரதிநிதிகள் குழுவில் இருக்க வேண்டும் என்றது. 1994இல் திருத்தம் வந்தது. வங்கிப் பங்குகள் சந்தைக்குப் போயின, பங்குதாரர்கள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர்களும் உள்ளே வந்தார்கள். முழுநேர இயக்குநர்கள், அரசு அதிகாரி ஒருவர், ரிசர்வ் வங்கியின் ஆள் ஒருவர், அரசு நியமிப்பவர்கள் என்று பட்டியல் நீளுகிறது. அதில் தொழிலாளிக்கு ஒரே ஒரு நாற்காலி. 2014க்குப் பிறகு பல அரசு வங்கிகளில் அந்த ஒன்றும் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தது.

வேலை நியமனத்தில் இடஒதுக்கீடு உண்டு. குழுவில் கிடையாது. 2013 கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகளில் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்கிறது, நல்லதுதான். பட்டியலிடப்பட்ட கம்பெனிகளில் மூன்றில் ஒரு பங்கு சுயேச்சை இயக்குநர்கள் வேண்டும் என்கிறது. யாரிடமிருந்து சுயேச்சை? முதலாளியிடமிருந்து. சாதியிலிருந்து அல்ல.

2012இல் ஓர் ஆய்வு வந்தது. இந்தியாவின் முதல் 1000 கம்பெனிகளின் இயக்குநர்களைச் சாதிவாரியாக எண்ணினார்கள். முன்னேறிய சாதியினர் சுமார் 93 சதவீதம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ரெண்டு பேரும் சேர்ந்து 3.5 சதவீதம்.

உடனே 'தகுதி'ம்பாங்க. கிளார்க் வேலைக்கு நாம தேர்வு எழுதினோம். இயக்குநர் ஆவதற்குக் கம்பெனிச் சட்டத்தில் பொதுவான படிப்புத் தகுதி என்று எதுவும் இல்லை. தெரிந்தவன் தெரிந்தவனைக் கூப்பிடுகிறான். கூப்பிடுகிற தூரத்தில் சேரி இல்லை. அவ்வளவுதாங்க தகுதி.

ஆகவே மூணு கோரிக்கை. தொழிலாளி நாற்காலி ஒருநாளும் காலியாகக் கிடக்கக் கூடாது. அதற்குச் சங்கங்கள் அனுப்புகிற பெயர்ப் பட்டியலில் நம் பெயர் இருக்க வேண்டும். இதை அரசிடம் கேட்பதற்கு முன்னால் நம்ம சங்கத் தலைவர்களிடம் கேளுங்க. மூன்றாவது, அரசு வங்கிகளின் இயக்குநர் குழுவிலும் சட்டப்படி இடஒதுக்கீடு வேண்டும்.

சேரியின் சேமிப்பும் அந்த வங்கியில்தான் கிடக்கிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற இடத்தில் நாம் இல்லாவிட்டால், நாம் வெறும் கணக்கு எண்தான்.

ஜெய் பீம்.