ஆமையிடம் கிடைத்த கிருமி



நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு, பித்தப்பையில் கல் இருக்கிறதென்று எனக்கு ஓர் அறுவை நடந்தது. வயிற்றைப் பெரிதாகக் கீறாமல், சிறு துளைகள் இட்டு, அவற்றின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் முறை அது. மூன்றாம் நாளே வீடு திரும்பினேன், புண்ணும் ஆறிற்று. ஒரு திங்கள் கழிந்தபின் கொப்பூழின் அருகே, ஆறிய வடுவின்கீழ் ஒரு முடிச்சுத் தோன்றியது. பின்னர் அது உடைந்து சீழ் கசியலாயிற்று. வலி பெரிதில்லை, காய்ச்சலும் இல்லை. சீழை ஆய்வுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளில், 'கிருமி ஏதும் வளரவில்லை' என்று விடை வந்தது. பின்னர் வேறோர் இடத்தில் சீழுக்குச் சாயமேற்றி நுண்பெருக்கியில் பார்த்தவர், 'காசநோய்க் கிருமி' என்றார். அதற்குரிய மாத்திரைகளை மூன்று திங்கள் விழுங்கினேன். சீழ் நின்றபாடில்லை. செய்தி பரவியதும், சுற்றத்தார் தம் குழந்தைகளை என் அருகே விடவில்லை. 35 ஆண்டுகள் குழந்தைகள் நடுவே வாழ்ந்தவனுக்கு அது நோயினும் கொடிதாக இருந்தது.

நுண்பெருக்கியில் பார்த்தவர் பொய் கூறவில்லை. 1882-ஆம் ஆண்டு ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அக்கிருமி மைக்கோபாக்டீரியம் என்னும் பெருங்குடியைச் சேர்ந்தது. அக்குடியினர் அனைவருக்கும் மெழுகு போன்ற கொழுப்பு மிகுந்த மேலுறை உண்டு. சேம்பிலையில் நீர் ஒட்டாதது போல, அவ்வுறையில் சாயம் எளிதில் ஏறாது. சூடேற்றி ஏற்றிவிட்டாலோ, அமிலத்தால் கழுவினாலும் போகாது. ஆகவே சிவப்புச் சாயமேற்றி அமிலத்தால் கழுவிப் பார்க்கும்போது, காசநோய்க் கிருமியும் அதன் தாயாதிகளும் ஒரே மாதிரியான சிவந்த சிறு கோல்களாகத் தெரியும். நிறத்தை மட்டும் கொண்டு இன்னார் என்று துணிவது, சீருடையைப் பார்த்து மாணவன் பெயரைச் சொல்வது போன்றது.

அத்தாயாதிகளுள் ஒரு கிளையே நான் இன்று சொல்லவந்த விரைந்து வளரும் கிளை. 1903-இல் ஃப்ரீட்மன் என்பவர், பெர்லின் நகரக் காட்சியகத்தில் இருந்த கடலாமைகளின் நுரையீரலிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதனைப் பின்னர் 'செலோனே' என்றனர். 1938-இல் பிரேசில் நாட்டில் ஒரு சீழ்க்கட்டியிலிருந்து கிடைத்தது 'ஃபார்ட்யூட்டம்'. தற்செயலானது என்பது பொருள். 1953-இல் 'அப்செஸஸ்' என்னும் மூன்றாவது வெளிப்பட்டது. 1959-இல் ரன்யன் என்பவர் இக்குடியினரை வளரும் வேகத்தாலும் நிறத்தாலும் நான்காக வகுத்தபோது, இவை நான்காம் பிரிவில் இடம்பெற்றன.

'விரைந்து' என்ற சொல்லைக் கேட்டு ஏமாறவேண்டா. காசநோய்க் கிருமி வளர்தட்டில் கண்ணுக்குப் புலனாக மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். இவையோ ஏழு நாளுக்குள் புலனாகிவிடும். தம் குடிக்குள் இவை விரைவானவை, அவ்வளவே. சாதாரணச் சீழ்க்கிருமிகள் ஓரிரவில் வளர்ந்துவிடுகின்றன. ஆதலால் ஆய்வுக்கூடத்தார் தட்டை இரண்டு நாள் வைத்திருந்து எறிந்துவிட்டால், இக்கிருமிகள் முகங்காட்டாமலே தப்பித்துவிடும். என் சீழுக்கு நேர்ந்ததும் இதுவே.

இவை மண்ணிலும் நீரிலும் வாழ்பவை. குழாயின் உட்புறத்தே வழுவழுப்பான படலமாகப் படிந்து, குடிநீரில் இடும் குளோரினையும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். நாம் அந்நீரில் நாள்தோறும் குளிக்கிறோம், ஒன்றும் நேர்வதில்லை. தோலில் வழி கிடைத்தால்தான் தொல்லை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், நகங்களை அழகுபடுத்தும் ஒரு நிலையத்திற்குச் சென்றவர்களுள் 110 பேருக்கு முழங்காலுக்குக் கீழே கொப்புளங்கள் எழுந்து, பல திங்கள் ஆறாமல் வருத்தின. ஆராய்ந்தபோது, கால்களை ஊறவைக்கும் சுழல்நீர்த் தொட்டிகளில் நீரை உள்ளிழுக்கும் சல்லடையின் பின்னே, முடியும் தோல்துகளும் திரண்டு கிடந்தன. அவ்வழுக்கில் ஃபார்ட்யூட்டம் செழித்திருந்தது. வருமுன் சவரக்கத்தியால் காலை மழித்துக்கொண்ட பெண்களே மிகுதியும் துன்புற்றனர். கத்தி விட்ட கீறல் கண்ணுக்குத் தெரியாது. கிருமிக்கு அது திறந்த வாயில். தொட்டியின் வெளிப்புறம் பளபளவென்றுதான் இருந்திருக்கும்! நம் வீட்டு நீர்த்தொட்டியின் அடியை நாம் கடைசியாக எப்போது பார்த்தோம் என்பதும் எனக்கு ஐயமே.

மருத்துவமனைக் கருவிகளின் கதை இன்னும் கடுமையானது. 2006, 2007 ஆண்டுகளில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், என்னைப் போல் துளைவழி அறுவை செய்துகொண்டோர் உட்பட 1000-க்கும் மேற்பட்டோருக்கு இத்தகைய தொற்று ஏற்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. கருவிகளைத் தோய்த்து வைக்கும் 2 விழுக்காட்டுக் குளுட்டரால்டிகைடு நீர்மத்தையே அங்குப் பரவிய அப்செஸஸ் வகை தாங்கிநின்றது. மருந்தில் தோய்த்த கருவியைக் குழாய்நீரில் அலசினால், போன கிருமி திரும்பிவரவும் கூடும். அழுத்த நீராவியில் அவித்த கருவியிலோ இவை பிழைப்பதில்லை.

காசநோய்க்குரிய ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் ஆகியவற்றை இக்கிருமிகள் பொருட்படுத்துவதில்லை. கிளாரித்ரோமைசின், அமிகாசின் போன்றவை பெரும்பாலும் கேட்கும். ஆயினும் எந்த இனம், எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதித்தறிந்தே கொடுக்கவேண்டும். ஒரே மருந்தை நம்பினால் கிருமி அதனைப் பழகிக்கொள்ளும். மருத்துவம் பல திங்கள் நீளும்; கெட்ட தசையை அறுத்து நீக்கவும் நேரிடலாம்.

என் கதையில், மூன்றாவதாகப் பார்த்த இளம் மருத்துவர் தட்டை எறியாமல் வைத்திருக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் அதில் செலோனே வளர்ந்திருந்தது. காசநோய் மாத்திரைகளை நிறுத்தி, முடிச்சை அறுத்தெடுத்து, வேறு மருந்துகளை ஐந்து திங்கள் கொடுத்தார். இந்தப் புண் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவாது என்று என் சுற்றத்தாருக்கும் அவரே எடுத்துரைத்தார். அடுத்த ஞாயிறன்று என் தங்கையின் பேரன் வந்து, சட்டையைத் தூக்கி, 'ஆமைக் கிருமி எந்தத் துளையில் இருந்தது, தாத்தா?' என்று கேட்டான். காட்டினேன்.