உளுந்தங்காணியில் ஒரு மஞ்சள் இலை

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காலபோக மழையோடு உளுந்து விதைத்தவர்கள் இன்று காணிக்குள் இறங்கினால், இளங்கொழுந்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பச்சை இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாகத் தெரிகிறதா? பசளைக் குறை என்று நினைத்து யூரியாவைத் தூக்கிவிடாதீர்கள். அது மஞ்சள் சித்திர வைரஸாக இருக்கலாம். பயறையும் அது விடாது.

இந்த வைரஸைக் காவி வருவது வெள்ளை ஈ. அரிசிமணியைவிடச் சின்னது. இலைக்கு அடியில் இருந்து சாறு உறிஞ்சும். நோயுள்ள செடியில் ஒருதரம் குடித்துவிட்டால், பிறகு போகிற செடிகளுக்கெல்லாம் வைரஸைக் கொண்டுபோகும். நோய் பிடித்த செடியைச் சுகமாக்க மருந்தே இல்லை. எண்ணெய் விசிறினாலும் ஈதான் சாகும், வைரஸ் சாகாது. ஆகவே முதல் செடியைக் கண்டதுமே பிடுங்கிப் புதையுங்கள். மனம் கேளாதுதான், என்றாலும் பிடுங்குங்கள். வரம்பிலுள்ள களைகளையும் வெட்டுங்கள். ஈ அங்கேயும் குடியிருக்கும்.

மஞ்சள் நிறம் வெள்ளை ஈயை இழுக்கும். பழைய தகரத்துக்கு மஞ்சள் பெயின்ற் அடித்து, கிறீஸ் பூசி, பயிரின் உயரத்துக்கு நட்டுவிடுங்கள். எத்தனை ஈ ஒட்டுகிறது என்று பார்த்தாலே நிலைமை விளங்கும். ஈயைக் குறைக்க, வேப்பங்கொட்டை இடித்து, லீற்றருக்கு 50 கிராம் வீதம் இரவு ஊறவைத்து வடித்து, பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள்.