பாட்டு வேண்டும், பாடுகிறவன் வேண்டாமா?

(சங்கரன்கோவில் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருப்பது பாட்டைப் பற்றியாகும். நமக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. என்றாலும் நாம் இங்கு பேச வந்தது பாட்டைப் பற்றிக்கூட அல்ல. பாட்டைக் கேட்டவர்கள் சொல்லுகின்ற அபிப்பிராயங்களைப் பற்றியேயாகும். அதைப் பற்றிப் பேச ஸ்வரம் தெரிய வேண்டியதில்லை. நம் நாட்டு ஜாதியின் போக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அரக்கோணத்தைச் சேர்ந்த தோழர் அறிவு என்கின்ற அறிவரசு கலைநேசன் அவர்களை உங்களில் வாலிபர்கள் எல்லோரும் அறிவீர்கள். 2018 ஜனவரி 6-ந் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் பாட்டுக் குழுவில் பாடியவர். அந்தக் குழுவின் பெயரே, தம் மக்களை ஜாதியில்லாதவர்கள் என்று குறித்துக்கொள்ளச் சொன்ன பண்டித அயோத்திதாசரிடமிருந்து எடுத்துக்கொண்டதாகும். 2019-ல் 'தெருக்குரல்' என்று ஒரு பாட்டுத் தொகுப்பு வெளிவந்தது. 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்து உலகமெல்லாம் ஆடிற்று. பிறகு 2024-ல் 'வள்ளியம்மா பேராண்டி' என்ற தொகுப்பை வெளியிட்டார். இவர் சொந்தமாக எழுதி, சொந்தமாகப் பாடுகிறவர். ஒப்பாரியும், தாலாட்டும், பறையும், அமெரிக்காக் கறுப்பு மக்களின் பேச்சுப்பாட்டும் இவரிடத்தில் கலந்திருக்கின்றன.

இப்பாட்டுகளைப் பற்றி டீக்கடையிலும், தறி ஓடுகிற தெருக்களிலும், காலேஜ் பிள்ளைகளிடத்திலும், நம் தோழர்களிடத்திலும் கேட்டோம். கேட்ட வரையில், அதிகமாகச் சொல்லப்பட்ட அபிப்பிராயம், "பாட்டு ரொம்ப நன்றாயிருக்கிறது, ஆனால் எதற்கெடுத்தாலும் ஜாதியை இழுக்கிறாரே, அதை மாத்திரம் விட்டுவிட்டால் எல்லோரும் ரசிக்கலாமே" என்பதாகும்.

தோழர்களே! இந்த "அதை மாத்திரம்" என்கின்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். இது இன்று புதிதாகச் சொல்லப்படுவதல்ல. நம்முடைய திருநெல்வேலிச் சீமையில் கொடை நடக்கும் இடங்களிலெல்லாம் வில்லுப்பாட்டு உண்டு. அதில் முத்துப்பட்டன் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பார்ப்பனனாகிய முத்துப்பட்டன் சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்காள், திம்மக்காள் இருவரையும் விரும்பி, பூணூலை அறுத்தெறிந்து, செருப்புத் தைத்து, மாடு காத்து, கடைசியில் மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான் என்பது கதை. இந்தக் கதை கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் "அது மாத்திரம்" பிடிக்கவில்லை. எது? பார்ப்பனன் சக்கிலிப் பெண்ணைக் கட்டினான் என்பது மாத்திரம் பிடிக்கவில்லை. அதற்காக என்ன செய்தார்கள்? அந்தப் பெண்கள் பிறப்பினால் பார்ப்பனப் பெண்கள்தான் என்றும், காட்டில் கிடந்த குழந்தைகளைச் சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்றும் ஒரு துண்டுக் கதையை ஒட்டுப்போட்டு விட்டார்கள். நாங்குநேரிக்காரராகிய பேராசிரியர் நா. வானமாமலை அவர்கள் இந்த ஒட்டு பிற்காலத்தில் போடப்பட்டது என்பதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். மதுரை வீரனுக்கும் இதே கதிதான். அவனைக் காசி ராஜன் மகனாக்கிய பிறகுதான் பலருக்கு நிம்மதியாயிற்று. சக்கிலியன் வீரனாயிருந்தான் என்றால் காது வலிக்கிறது. ராஜன் மகன் சக்கிலி வீட்டில் வளர்ந்தான் என்றால் காது குளிருகிறது!

கேட்பவர்களுடைய அபிப்பிராயம் என்பது ஏதோ காற்றோடு போகின்ற சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். அது பாட்டையே திருத்தி எழுதிவிடுகிற சக்தியுடையது. வில்லடிப்பவன் கூலிக்குப் பாடுகிறவன். ஊரார் முகம் சுளித்தால் அடுத்த வருஷம் அவனுக்குப் பாக்கு வைக்கமாட்டார்கள். ஆகவே அவன் பெண்களின் பிறப்பை மாற்றித்தான் பாடுவான். இன்று தோழர் அறிவைப் பார்த்து "ஜாதியை மாத்திரம் விட்டுவிடு" என்கின்றவர்களும் அந்த ஊராரின் பேரப்பிள்ளைகளே அல்லாமல் வேறு யாராம்? அன்று பாட்டுக்காரன் பணிந்தான். இன்று பணியவில்லை. நமக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம் இதுதான்.

அழுதுவிட்டு ஒன்றும் செய்யாமல் போகிற ரசிகர்களும் உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தன் சரித்திரம் 1860-களில் அச்சாயிற்று. அதைக் காலக்ஷேபமாகக் கேட்டு, நந்தன் படும் பாட்டுக்காக மயிலாப்பூரும் கும்பகோணமும் கண்ணீர் வடித்தன. கண்ணீர் வடித்த அந்தக் கண்களுக்கு எதிரிலேயே எத்தனையோ நந்தன்கள் கோயிலுக்கு வெளியே நின்றார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் போனது 1939 ஜூலையில். முக்கால் நூற்றாண்டு அழுதும் கதவு திறக்கவில்லை. கிளர்ச்சி செய்த பிறகுதான் திறந்தது.

நிற்க, "இது சங்கீதமே அல்ல, சத்தம், அமெரிக்காக்காரன் சரக்கு" என்பது மற்றொரு அபிப்பிராயம். வயதானவர்கள்தான் இப்படி அதிகமாகச் சொல்லுகிறார்கள். இந்தப் பேச்சுப்பாட்டு 1973-ல் நியூயார்க் நகரத்தில் பிராங்க்ஸ் என்கின்ற பகுதியில், ஏழைக் கறுப்பு மக்கள் நடுவில் பிறந்தது என்பது உண்மைதான். அதற்குச் சரியாக நூறு வருஷத்துக்கு முன், 1873-ல், மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி' என்ற புத்தகத்தை எழுதி, அதை அமெரிக்காவில் நீக்ரோ அடிமைத்தனத்தை ஒழித்தவர்களுக்குக் காணிக்கையாக்கினார். அவர்களுக்கும் நமக்கும் உள்ள சொந்தம் இன்று ரேடியோப் பெட்டியில் வந்ததல்ல. அன்றியும், ஆர்மோனியமும் பிடிலும் எந்த ஊர்ச் சரக்கு? சீமையிலிருந்து வந்த பிடில் தோளில் ஏறி உட்கார்ந்தவுடன் தெய்வீகமாகிவிட்டது. இந்த மண்ணிலேயே பிறந்த பறை மாத்திரம் இன்னும் தீட்டாயிருக்கிறது! ஆகையால் இவர்களுடைய ஆட்சேபணை அந்நியச் சரக்கு என்பதல்ல. யார் கையிலிருக்கிற சரக்கு என்பதுதான்.

ஆனால் அவர்கள் சொல்வதில் ஒரு நியாயமுமுண்டு. வேகமாகப் பாடுவதால் வார்த்தைகள் பிடிபடவில்லை என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்லுகிறார்கள். நமக்கும் முதல் தடவை கேட்டபோது பாதிதான் புரிந்தது. யாருக்காகப் பாடுகிறாரோ அவர்களுக்கே புரியாவிட்டால் அதில் பிரயோஜனம் குறைவு. வாலிபர்கள் வார்த்தைகளை எழுதி வீட்டிலுள்ளவர்களுக்கு வாசித்துக் காட்டினால் இந்தக் குறை பாதி தீரும்.

நம்முடைய தோழர்கள் சிலரின் ஆட்சேபணை வேறு மாதிரியானது. "எஞ்சாமி என்று பாடுகிறாரே, பகுத்தறிவுக்காரர் சாமியை ஒத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்கள். சாமி என்கின்ற வார்த்தைக்கு நம் நாட்டில் எத்தனை முதலாளிகள் என்று யோசித்துப் பாருங்கள். கோயிலில் இருக்கும் கல் சாமி. அதைக் காட்டிக் காசு வாங்குகிறவர் சாமி. பண்ணையார் வரப்பில் வந்தால், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு "சாமி" என்று கும்பிட வேண்டியிருந்தது. அப்படிக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்த கிழவி, பேரப்பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு "எஞ்சாமி" என்று கொஞ்சுகிறாள். பண்ணையாரிடத்தில் பயந்து கொடுத்த மரியாதையைத் தன் குழந்தையிடத்தில் பிரியமாகக் கொடுக்கிறாள். இந்தச் சாமியிடத்தில் நமக்கு ஆட்சேபணையில்லை. இது கொடுத்த கஞ்சியைக் குடிக்கிறது, நோய் வந்தால் அழுகிறது, பூசாரியும் கேட்பதில்லை.

நமக்கு ஆட்சேபணை உள்ள இடம் வேறு. மண்ணும், முன்னோரும், பாட்டன் பூட்டனும் என்று இம்மாதிரிப் பாட்டுகளில் ஒரே உருக்கமாக வருகிறது. முன்னோர் உழைத்தார்கள், அதைச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் முன்னோர் சொன்னார்கள் என்பதைக் காட்டித்தானே நம் தலையில் இவ்வளவும் கட்டப்பட்டது? புற்றுமண்ணை மருந்தென்று வாரிக்கொண்டு போகின்ற இந்த ஊரில் நாம் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அரியும் சிவனும் ஒன்று என்று பார்ப்பதற்காகக் கோமதியம்மாள் தபசு செய்தாளாம். இரண்டு சாமிகளையும் பாதிப் பாதியாக ஒட்டவைத்து இங்கு நிறுத்தியிருக்கிறார்கள். ஊரையும் சேரியையும் ஒட்டவைப்பதற்கு இதுவரை எந்தச் சாமியும் ஒற்றைக்காலில் நிற்கவில்லை.

வள்ளியம்மா பேராண்டி என்ற பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வள்ளியம்மாள் என்பவர் தோழர் அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1948-ல் இலங்கை அரசாங்கம் தோட்டத் தொழிலாளரின் பிரஜா உரிமையைப் பறித்தது. 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதி, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வது என்றும், மீதி 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்வது என்றும் பிரித்துக்கொண்டார்கள். மூட்டை மிளகாய் பிரிப்பதுபோல் மனிதர்களைப் பிரித்தார்கள். காடு வெட்டித் தேயிலை நட்டவர்களுக்கு அங்கேயும் ஒரு சாண் நிலமில்லை. கப்பலிறங்கி வந்த இங்கேயும் இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒருத்தியின் பெயரைத்தான் பேரன் தன் பாட்டுக்கு முகப்பாக வைத்தார். நம் நாட்டில் மகனுக்குத் தகப்பன் பெயர், பேரனுக்குப் பாட்டன் பெயர். பெண்ணின் பெயர் ரேஷன் கார்டில் மாத்திரம் இருக்கும். 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டில் ஜாதிப் பட்டங்களை உதறியவர்களாகிய நமக்கு, தோட்டக்கூலிப் பாட்டியின் பெயரைப் பட்டமாகச் சூட்டிக்கொண்ட பேரனைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் பெயர் விஷயத்தில் அவருக்கே நடந்ததைக் கேளுங்கள். 2021-ல் ஒரு பிரபல சங்கீதப் பத்திரிகை, தன் அட்டையில் 'என்ஜாய் எஞ்சாமி' பாடிய பெண்ணின் படத்தைப் போட்டது. அறிவின் படம் அதிலில்லை. சினிமா டைரக்டர் பா. ரஞ்சித் அவர்கள் கண்டித்த பிறகுதான் பலருக்கு விஷயம் தெரிந்தது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் திறப்பு விழாவில் அந்தப் பாட்டு பாடப்பட்டது. எழுதியவர் மேடையில் இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று இசையமைப்பாளர் சமாதானம் சொன்னார். தாமே எழுதி, மெட்டமைத்து, பாடியதாகவும், வேறு யாரும் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லையென்றும் அறிவு எழுதினார். மூவரும் சேர்ந்து செய்தது, வரும்படியும் மூவருக்கும் சமம் என்று இசையமைப்பாளர் பதிலெழுதினார். பிறகு 2024 மார்ச்சில் அதே இசையமைப்பாளரே, அப்பாட்டினால் தங்கள் மூவருக்கும் ஒரு காசுகூட வரவில்லையென்று பகிரங்கமாகச் சொன்னார். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதியல்ல. ஆனால் கோடிக்கணக்கான தடவை கேட்கப்பட்ட பாட்டுக்குக் கூலி வரவில்லை என்றால், தேயிலை பறித்த பாட்டிக்கும் பாட்டெழுதிய பேரனுக்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பாட்டுக்கு ஆடியவர்களில் எத்தனை பேர் இதை எழுதியவன் யார் என்று கேட்டார்கள்? கேட்டவர்கள் அபிப்பிராயம் என்கின்றோமே, இதிலேதான் ஒருவருக்கும் அபிப்பிராயமில்லை!

சர்க்காரும் பாட்டுக் கேட்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது. 2015 அக்டோபரில் மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய தோழர் கோவனைத் திருச்சியில் பிடித்து ராஜத் துரோக வழக்குப் போட்டார்கள். பக்தர்களும் கேட்கிறார்கள். தோழர் இசைவாணி 2018-ல் பாடிய ஐயப்பன் பாட்டின் மேல் 2024-ல் போலீசில் புகார் கொடுத்தார்கள். ஆறு வருஷங் கழித்துத்தான் அவர்களுக்குக் காது கேட்டது! தூத்துக்குடியில் 2018 மே 22-ல் சர்க்கார் துப்பாக்கிக்குப் பலியான பெண் ஸ்னோலின் பெயரில் 'தெருக்குரல்' தொகுப்பில் ஒரு பாட்டிருக்கிறது. பக்கத்து ஜில்லாவாகிய நாம் அந்தப் பாட்டை எத்தனை பேர் கேட்டோம் என்று கேட்டால், கை தூக்குகிறவர்கள் கொஞ்சம்தான்.

கடைசியாக, நம் பக்கத்து விஷயம் ஒன்று. கல்யாணப் பந்தலில் ரிக்கார்டில் பறை அடித்தால் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். அதே பறையை அடிப்பவன் வாசலுக்கு வந்தால், அவனுக்கு மாத்திரம் தனி இடம், கடைசியில் சோறு. சாவு விழுந்தால் மாத்திரம் "வந்து அடிடா" என்று ஆள் போகிறது. நம் இயக்கத்தின் ஆரம்ப காலத்தில் செட்டிநாட்டில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலத்தில், நாயனக்காரர் வியர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டிருக்கக் கூடாதென்று பெரிய மனிதர்கள் தகராறு செய்தார்கள். பட்டுக்கோட்டை அழகிரி அவர்கள், துண்டை எடுக்காதே, வாசி என்று சொல்லிப் பக்கத்திலேயே நின்றார். துண்டு இறங்கவில்லை. அன்றைய நாயனத்தில் என்ன ராகம் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஆகவே தோழர்களே, இந்தத் தாலுகாவில் நம்மவர்கள் வீட்டில் நடக்கும் சுயமரியாதைத் திருமணங்களுக்குப் பறைக்காரரை அழைப்பதானால், முன்கூட்டியே கூலி பேசிக் கையில் கொடுங்கள்; அழைப்பிதழில் பேசுகிறவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் அச்சடியுங்கள்; முதல் பந்தியில் பக்கத்தில் உட்கார வையுங்கள். சாவுக்குப் போய் அடிக்கமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவர் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தப் பார்ப்பார்கள். அந்த நாளில் நாம் அவர் தெருவில் போய் நிற்க வேண்டும். அதற்குப் பெயர் கொடுக்க விரும்புகிற வாலிபர்கள், கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் உள்ள நோட்டில் எழுதிவிட்டுப் போகலாம்.