பழைய கம்ப்யூட்டரில் டிசம்பர் கச்சேரி
(கோபர்கைரனே அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)

பழைய கம்ப்யூட்டரில் கச்சேரி பார்த்தால் மிருதங்க நாதம் முன்னே, வித்வானின் கை பின்னே! வெளியே போக முடியாத பெரியவர்களுக்கு அதுதானே சபா?

நம் டி.வி. முறையில் வினாடிக்கு 25 படங்கள். ஒரு படத்துக்கு 40 மில்லி செகண்டுதான் அவகாசம். 1920க்கு 1080 என்றால் ஒவ்வொன்றிலும் சுமார் 20 லட்சம் புள்ளிகள். சுருக்கி வருவதை விரித்துக் காட்டப் பழைய பிராசஸர் திணறுகிறது.

2017-இல் வந்த என்விடியா ஜி.டி. 1030 என்ற சிறு கிராபிக்ஸ் கார்டு, யூட்யூப் அனுப்பும் வி.பி.9-ஐத் தானே விரிக்கும். சுமார் 30 வாட்தான். மலிவு என்று ஜி.டி. 710 வாங்காதீர்கள், அதற்கு வி.பி.9 தெரியாது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருக்கிறதா என்று முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்.

மானிட்டர் ஒயரைப் புதிய கார்டில்தான் செருக வேண்டும். நண்பர் ஒருவர் பழைய இடத்திலேயே செருகிவிட்டு, ஒரு வாரம் கார்டைத் திட்டிக்கொண்டிருந்தார்!