‘நாளை’ என்னும் ஒரு சொல்



நம் பூவிருந்தவல்லிக்கு அணித்தேயுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடினார். அதில் நந்தனாருக்கு வழங்கும் பெயர் திருநாளைப்போவார். அப்பெயரிலுள்ள ‘நாளை’ என்னும் சொல்லை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

தில்லை காணத் துடிக்கும் நந்தனாரைச் சேக்கிழார் நூலில் எந்த ஆண்டையும் தடுக்கவில்லை. தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்கி, ‘நாளைப் போவேன்’ என்கிறார். 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரோ, வேதியர் ஒருவரை ஆண்டையாகப் புதிதாய்ப் படைத்தார். அங்கே தடை வெளியிலிருந்து வருகிறது. சொல் ஒன்றே; அது சுட்டும் மையக்கருத்து இரண்டு.

இரு நூல்களிலும் நந்தனார் தீயில் புகுகிறார். தீ தூய்மையின் குறியீடு என்று பொருள் கூறுவர். அங்ஙனமாயின், அழுக்கு எங்கே இருந்தது? கோயில் முரசுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் அளித்த கைகளிலா? அவரைப் புறத்தே நிறுத்திய வழக்கத்திலன்றோ!

இளைஞர்களே! எச்சொல்லைப் படித்தாலும், யார் சொன்னது, யாருக்காகச் சொன்னது என வினவுங்கள். ‘நாளை’ என்று பிறர் நம்மிடம் சொன்னதுண்டு. நமக்கு நாமே சொல்லிக்கொண்டதும் உண்டு. கல்வியில் இவ்விரண்டிற்கும் இனி இடமளியோம்.