அங்கன்வாடியில சேர்த்தாச்சா? திருநின்றவூர் கூட்டத்தில் பேசியது

தோழர்களே, மனசுக்குள்ளேயே கோயில் கட்டின பூசலார் ஊரு இது. பிள்ளைங்க வகுப்பறையை அப்படிக் கட்ட முடியாதுங்க!

லோக்கல் ட்ரெயின் பிடிச்சு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஓடுற அம்மா, மூணு வயசுக் குழந்தையை யார்கிட்ட விடுவாங்க? தனியார் எல்.கே.ஜி. ஃபீஸ் கட்டுப்படியாகாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் உரிமை தர்றது 6 வயசுல இருந்துதான். அதுக்கு முன்னாடி? 11-வது பிரிவுல அரசு இலவச முன்பருவக் கல்விக்கு ஏற்பாடு 'செய்யலாம்'னு இருக்கு. 'செய்யணும்'னு இல்ல! அந்த ஒரு வார்த்தையை மாத்தத்தான் நாம குரல் கொடுக்கணும்.

இப்போதைக்கு நம்ம கையில இருக்கிறது அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ல தொடங்கின திட்டம். வெறும் சாப்பாட்டுக்குன்னு நினைக்காதீங்க. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'ன்னு பாடத்திட்டமே இருக்கு. ஃபீஸ் கிடையாது.

இந்த ஞாயிறு உங்க தெருவுல சேராத பிள்ளைங்க யாருன்னு கேளுங்க. சென்டர்ல தண்ணி, கழிப்பறை, ஃபேன் எப்படி இருக்குன்னு வார்டு குரூப்ல போடுங்க. நகராட்சிக்கு மனு ரெடி பண்றோம்.