கைகோத்து ஆடுவோம்

டெல்லியில் 1953ஆம் ஆண்டு குடியரசு தினத்தை ஒட்டி நாட்டுப்புற நடன விழா நடந்தது. பல மாநிலத்துக் கிராமியக் கலைஞர்கள் தலைநகருக்கு வந்து ஆடினார்கள். அதே ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி, அங்கே இசை, நடனம், நாடகத்துக்கான தேசிய அமைப்பான சங்கீத நாடக அகாதெமியும் தொடங்கி வைக்கப்பட்டது. ஊர்த் திடலில் ஆடிய ஆட்டத்துக்கு நாட்டின் மரியாதை கிடைத்தது.

ஊர் கூடி ஆடும் ஆட்டம் வெளிநாட்டிலும் உண்டு. ருமேனியாவில் கல்யாணம், திருவிழா என்றால் ஊரே கைகோத்து வட்டமாக ஆடும். அந்த ஆட்டம் ஹோரா. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர்கள் அதைக் கூடவே கொண்டுபோனார்கள். இன்று இஸ்ரேலியக் கல்யாணங்களிலும் ஹோரா உண்டு. 1944இல், இன்றைய இஸ்ரேலில் உள்ள டாலியா என்ற கூட்டுப் பண்ணைக் கிராமத்தில் நாட்டுப்புற நடன விழாவை முன்னின்று நடத்தியவர் குரித் காட்மன் என்ற பெண்மணி.

ஹோராவில் கை கோப்பார்கள். நம் கும்மியில் கை கொட்டுவார்கள். இரண்டிலும் வட்டம்தான். வட்டத்தில் முன்வரிசை, பின்வரிசை கிடையாது. புதிதாக வருபவர், பக்கத்தில் ஆடுபவரின் காலைப் பார்த்தே அடவைப் பிடித்துக்கொள்ளலாம்.

நேயர்களே, நாட்டுப்புற ஆட்டம் ஆடினால்தான் உயிரோடு இருக்கும். இந்தப் பொங்கலுக்கு வீட்டுப் பெரியவர்களிடம் கும்மி கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஆடுங்கள்.